பாம்புச் செடியில் புள்ளியா? மருந்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

தலைநகரில் வாழும் தமிழர் வீடுகளின் பால்கனியில் துளசியும், கறிவேப்பிலையும், மல்லிகையும் தொட்டியில் நிற்பதைப் பார்க்கலாம். ஊரில் தானாகச் செழிக்கும் இந்தச் செடிகள் தில்லியில் படும் பாடு சொல்லி முடியாது. டிசம்பர், ஜனவரிப் பனியில் துளசி கருகிப் போகும். கறிவேப்பிலை இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். மல்லிகை கோடை வரும்வரை உறங்கும். மே மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ ஏறி ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தால், மிச்சமிருப்பது காய்ந்த மண் மட்டுமே.

இந்த நிலையில்தான் பலரும் பாம்புச் செடிக்கு மாறியிருக்கிறார்கள். வாள் போல் நிமிர்ந்து நிற்கும் தடித்த இலை. அதில் பாம்பின் முதுகைப் போல் குறுக்கே ஓடும் பச்சை வரிகள். சில வகைகளில் ஓரத்தில் மஞ்சள் கரை. நர்சரிகளில் ‘ஸ்நேக் பிளான்ட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆங்கிலேயர் இதற்கு ‘மாமியார் நாக்கு’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குறும்பு நம்மூருக்கு மட்டும் சொந்தமல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் ஆகிய இடங்களில் இருந்த பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸுகளை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்டும் திட்டத்துக்கு 2016-ல் ஒப்புதல் கிடைத்தது. வாழையும் முருங்கையும் வைத்திருந்த கொல்லைப்புறங்கள் அதோடு போயின. மிஞ்சியது நாலடி பால்கனி. நாலடிக்குள் அடங்கி, வெயிலும் அதிகம் கேட்காமல், பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் முகம் சுளிக்காத செடி என்றால் அது இதுதான்.

‘எதுவும் செய்யாமலே வளரும்’ என்று சொல்லிக் கொடுத்த செடியிலும் ஒருநாள் புள்ளி விழுகிறது. முதலில் மிளகளவு, பிறகு நாலணா அளவு, பிறகு இலையே சாய்கிறது. உடனே நம்மவர்கள் செய்வது இரண்டு காரியம். ஒன்று, ‘பாவம், வாடுகிறது’ என்று இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது. மற்றொன்று, நர்சரிக்குப் போய் ஏதாவது மருந்து வாங்கி வந்து தெளிப்பது. முதல் காரியம் செடியைக் கொல்லும். இரண்டாவது காரியம் பல வேளைகளில் பணத்துக்குத்தான் கேடு. ஏனென்றால், பாம்புச் செடியின் இலையில் விழும் புள்ளிகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த நோயின் வேலையல்ல. தண்ணீர், குளிர், வெயில், உப்பு ஆகியவற்றின் வேலை. எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமும் அல்ல.

தண்ணீரைச் சேமிக்கும் செடி

இதன் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா. நைஜீரியா முதல் காங்கோ வரையிலான பகுதி. தாவர நூல்களில் நெடுங்காலம் ‘சான்ஸிவேரியா’ என்று வழங்கி வந்தது. 2017-க்குப் பிறகு ‘டிரசீனா’ இனத்தில் சேர்த்துவிட்டார்கள். நமக்கும் இது முற்றிலும் அந்நியம் அல்ல. தென்னாட்டு வறண்ட காடுகளில் வளரும் மருள் இதன் நெருங்கிய உறவு. சங்க நூல்களில் ‘மரல்’ என்று வருவது அதுவே என்பார்கள். அதன் இலையிலிருந்து எடுத்த நாரைக் கொண்டு வில்லுக்கு நாண் திரித்தார்கள்.

வறட்சியில் வாழக் கற்ற செடி ஆதலால், இது தன் தடித்த இலையிலும், மண்ணுக்குள் படரும் கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கிறது. அதனால் வெயிலில் நீர் ஆவியாவதும் குறைவு. சேமிப்பு இருக்கும்போது மேலும் மேலும் ஊற்றினால் என்ன ஆகும்? வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண்ணின் இடுக்குகளில் எல்லாம் நீர் நின்றுவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. மண் சதசதவென்று இருக்கும்போதே இலை தாகத்தால் சுருங்கும். அதைப் பார்த்துவிட்டு நாம் இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். இந்தச் சுழலில் சிக்கி மடிந்த செடிகள்தான் அதிகம்.

புள்ளி விழுந்த மாதம் எது?

செடியைப் பார்ப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். தில்லியின் பருவங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒவ்வொரு பருவமும் இலையில் தனித்தனிக் கையெழுத்துப் போடும்.

ஜனவரி, பிப்ரவரியில் தோன்றும் புள்ளி: வெளுத்த அல்லது வைக்கோல் நிறத்தில், தோல் உள்வாங்கிக் குழி விழுந்தாற்போல் இருந்தால் அது குளிர் தாக்கியது. இந்தச் செடிக்கு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனாலே ஆகாது. தில்லியில் ஜனவரி இரவுகள் சராசரியாக 7, 8 டிகிரிக்கு இறங்குகின்றன. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி 1-ஆம் தேதி 1.1 டிகிரியும், 2023 ஜனவரி 16-ஆம் தேதி 1.4 டிகிரியும் பதிவாயின. திறந்த பால்கனியில் அப்படி ஓர் இரவு நின்ற செடி மறுநாள் நன்றாகவே இருக்கும். சில நாட்களோ சில வாரங்களோ கழித்துத்தான் காயம் வெளியே தெரியும். அதற்குள் பனி இரவை நாம் மறந்திருப்போம். ‘நேற்றுவரை நன்றாக இருந்ததே’ என்போம். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த இலை, வடக்கே பார்த்திருந்த பக்கம் ஆகியவற்றில்தான் முதலில் காணும்.

மே, ஜூனில் தோன்றும் புள்ளி: வெயில் படும் பக்கத்தில் மட்டும், காகிதம் போல் காய்ந்து வெளுத்த திட்டுகள் இருந்தால் அது வெயில் சுட்டது. 2024 மே 29-ஆம் தேதி சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி அடித்தது. அந்த வெயிலும் ‘லூ’ என்னும் அனல் காற்றும் சேர்ந்தால் இந்த முரட்டு இலையும் வேகும். நர்சரியின் பச்சை வலைக்குள் நிழலில் வளர்ந்த செடியை வாங்கி வந்து நேரே மேற்குப் பார்த்த பால்கனியில் வைத்தால் ஒரு வாரத்தில் சுட்ட வடு தெரியும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை தோன்றும் புள்ளி: இதுதான் உண்மையான நோய்க் காலம். தில்லியில் பருவமழை வழக்கமாக ஜூன் 27 வாக்கில் தொடங்கி செப்டம்பர் 25 வாக்கில் விலகும். இந்த மூன்று மாதங்களும் காற்றில் ஈரம், இலையில் ஈரம், மண்ணில் ஈரம். பூஞ்சணத்தின் விதைத்தூள் இலையில் விழுந்து முளைக்க, இலை பல மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். அந்த வசதியை மழை செய்து கொடுக்கிறது. மழைக்கு முன்பே, டெஸர்ட் கூலரின் ஈரக் காற்று நேரே படும் மூலையில் வைத்த செடிக்கு இந்த ஆபத்து மே மாதமே தொடங்கிவிடும்.

எந்த மாதமும் தோன்றுவது: இலை நுனி மட்டும் பழுப்பாகிக் காய்ந்து, தொட்டியின் ஓரத்திலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் அது உப்பு. போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் காலனிகளில் இது சகஜம். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள், ‘வீணாகப் போகிறதே’ என்று அது கழித்துவிடும் நீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். சிக்கனம் நல்லதுதான். ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அந்த நீரில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

நோய் என்றால் எந்த நோய்?

பூஞ்சணப் புள்ளிகளில் இந்தச் செடிக்கு முக்கியமானவை இரண்டு. முதலாவது, வட்டமான, நீர் ஊறியது போன்ற புள்ளியாகத் தொடங்கி, பழுப்பாகி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய திட்டாக விரியும். காய்ந்த திட்டின் மேல் கடுகைவிடச் சிறிய கறுப்புப் பொட்டுகள் தோன்றும். அவைதான் விதைத்தூள் உற்பத்தியாகும் இடங்கள். மிளகாய்ப் பழத்தையும் மாம்பழத்தையும் அழுகச் செய்யும் பூஞ்சண இனத்தைச் சேர்ந்தது இது. ஆனால் பாம்புச் செடிக்கென்றே அமைந்த தனி வகை. 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதை இனம் கண்டு பெயரிட்டார்கள்.

இரண்டாவது, செம்பழுப்பு நிறத்தில் குழிந்த புள்ளி. சுற்றிலும் மஞ்சள் வளையம். இது பெரும்பாலும் நடுக்குருத்தை ஒட்டிய இளம் இலைகளில் வரும். இலைகளின் நடுவே தண்ணீர் தேங்கும்படி மேலிருந்து ஊற்றுகிறவர்கள் வீட்டில் இதை எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது ஒன்று உண்டு. அது பூஞ்சணம் அல்ல, பாக்டீரியா. இலையின் அடிப்பகுதி கொழகொழவென்று ஆகி, தொட்டால் நழுவி, துர்நாற்றம் அடிக்கும். இதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். கெட்டியாக இருக்கும் மேல் இலை ஏதாவது இருந்தால் அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மற்றதை மண்ணோடு குப்பையில் சேர்த்துவிடுங்கள். அந்த மண்ணை அடுத்த தொட்டிக்குப் போடக் கூடாது.

பூச்சிகளும் புள்ளி போடும். இலை இடுக்கில் பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. நகத்தால் சுரண்டினால் பெயரும் பழுப்புச் செதில்கள் இருந்தால் செதில் பூச்சி. ஊசிமுனை போன்ற வெளிர்ப் புள்ளிகள் இலை முழுவதும் மணல் தூவியதுபோல் இருந்து, மெல்லிய வலையும் தென்பட்டால் சிலந்திப் பேன். இது வறண்ட, தூசி படிந்த இலையில்தான் பெருகும். தில்லியில் ஏப்ரல், மே மாதங்களில் அதிகம்.

ஐந்து நிமிடப் பரிசோதனை

டாக்டர் நாடி பார்ப்பதுபோல் செடிக்கும் சில சோதனைகள் உண்டு. செலவில்லாதவை.

ஒன்று: எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை குத்தி, ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் வேண்டாம். மேல் மண் காய்ந்திருப்பதை நம்பக் கூடாது; தில்லி வெயிலில் மேல் மண் ஒரே நாளில் காயும், அடிமண் பத்து நாள் ஈரமாகவே இருக்கும்.

இரண்டு: புள்ளியை விரலால் அழுத்துங்கள். காய்ந்து மொறமொறப்பாக இருந்தால் பழைய காயம், அவசரமில்லை. மெத்தென்று அமுங்கினால் இன்னும் பரவுகிறது. உடனே கவனிக்க வேண்டும்.

மூன்று: இலையின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். உறுதியாக நின்றால் வேர் நலம். கையோடு வந்துவிட்டால் கிழங்கு அழுகுகிறது.

நான்கு: மண்ணை முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணுக்கு மழை பெய்த வாசனை இருக்கும். சாக்கடை நாற்றம் அடித்தால் அடியில் நீர் தேங்கியிருக்கிறது.

ஐந்து: இதுதான் மிக முக்கியம். புள்ளியின் ஓரத்தைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். ஆபீஸ் ஃபைலில் குறிப்பெழுதிப் பழகியவர்களுக்கு இது சிரமமான வேலை அல்ல. பத்து நாள் கழித்துப் பாருங்கள். புள்ளி கோட்டுக்குள்ளேயே நின்றால் அது குளிரோ, வெயிலோ, பழைய அடியோ போட்ட வடு, மருந்து தேவையில்லை. கோட்டைத் தாண்டிப் பரவினாலும், பக்கத்து இலையில் புதிதாகத் தோன்றினாலும் அது நோய். மருந்து வாங்குவதா வேண்டாமா என்பதை இந்தக் கோடே தீர்மானித்துவிடும்.

சிகிச்சை: வரிசை மாறக் கூடாது

முதலில் செடியைத் தனியே வையுங்கள். மற்றத் தொட்டிகளோடு உரசிக்கொண்டு நிற்கக் கூடாது. மழையும் கூலர் காற்றும் படாத, வெளிச்சமான இடமாக இருக்கட்டும். தண்ணீரை நிறுத்துங்கள்.

அடுத்தது அறுவை. பரவும் புள்ளி உள்ள இலையை அடியோடு வெட்டி எடுக்கலாம். ஓர் இலைதான் இருக்கிறது என்றால் புள்ளிக்குக் கீழே ஓர் அங்குலம் நல்ல பகுதியும் சேரும்படி வெட்டுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் முன் மருந்துக் கடை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் நாமே நோயை ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குக் கொண்டுபோவோம். வெட்டிய இலையைத் தொட்டி மண்ணிலேயே போட்டுவைக்காமல் குப்பையில் சேருங்கள்.

மூன்றாவது, அடி ஆடினாலோ மண் நாறினாலோ செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். வேரைக் கழுவிப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகும். நல்ல வேர் கெட்டியாக, வெளிர் ஆரஞ்சு அல்லது வெள்ளை நிறத்தில் இருக்கும். கெட்ட வேர் கறுத்து, தோல் உரிந்து நூலாக வரும். கெட்டதை எல்லாம் வெட்டிவிட்டு, செடியைக் காகிதத்தின் மேல் நிழலில் இரண்டு மூன்று நாள் கிடத்துங்கள். பயப்பட வேண்டாம், சேமிப்பு உள்ள செடி, அதற்குள் ஒன்றும் ஆகாது. பிறகு புது மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர் ஊற்றினால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் புள்ளி கோட்டைத் தாண்டினால்தான் மருந்து. நர்சரிகளிலும் விதைக் கடைகளிலும் கிடைக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளை லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் வீதம் கரைத்து, இலையின் இரு பக்கமும் நனையும்படி மாலையில் தெளிக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை போதும். பொட்டலத்தின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, சமையலறை ஜன்னலுக்கு எதிரே இல்லாமல் தெளிக்க வேண்டும். இந்த மருந்து புதிய இலையைக் காக்குமே தவிர, விழுந்துவிட்ட புள்ளியை அழிக்காது. குளிர்ப் புள்ளிக்கும் வெயில் புள்ளிக்கும் இதைத் தெளிப்பது காலில் பட்ட அடிக்குக் காய்ச்சல் மாத்திரை தின்பது போல்.

பூச்சிக்கு வைத்தியம் வேறு. மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுங்கள். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கரைவதற்குச் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்த்து, இரண்டு நாள் பொறுத்து மற்றவற்றுக்குப் போகலாம்.

உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர்தான். மேலே படிந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித் துளை வழியே நீர் தாராளமாக வெளியேறும்படி ஒருமுறை நல்ல நீரை ஊற்றி முழுவதும் வடியவிடுங்கள். ஜூலை மாதத்தில் ஒரு பக்கெட் மழைநீர் பிடித்து வைத்தால் அதைவிட உயர்ந்தது இல்லை.

மண்ணும் தொட்டியும்

நர்சரியில் வாங்கும் செடி பெரும்பாலும் பஞ்சு போன்ற தேங்காய் நார்க் கழிவிலோ, கெட்டியான களிமண் உருண்டையிலோ இருக்கும். இரண்டும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்பவை. தினமும் நூறு செடிக்குக் குழாயால் நீர் அடிக்கும் மாலிக்கு அது வசதி. மூடிய பால்கனியில் நமக்கு அது வினை. வாங்கிய ஒரு மாதத்துக்குள் மண்ணை மாற்றிவிடுவது நல்லது. தோட்ட மண் 2 பங்கு, கட்டட வேலைக்காரர்கள் ‘பதர்ப்பூர்’ என்று சொல்லும் பருமணல் 2 பங்கு, நன்றாக மக்கிய எரு 1 பங்கு. பக்கத்தில் எங்காவது வீடு கட்டிக்கொண்டிருந்தால், கேட்டு ஒரு பை மணல் வாங்கிக்கொள்ளலாம்.

தொட்டி சுட்ட மண்ணாக இருக்கட்டும். அது பக்கவாட்டிலும் மூச்சு விடும். அடியில் துளை இல்லாத பளபளப்பான வெள்ளைப் பீங்கான் தொட்டியில் ரிப்பன் கட்டிப் பரிசாகக் கொடுக்கிறார்களே, அதுதான் இந்தச் செடிக்குச் சவப்பெட்டி. தொட்டி பெரிதாக இருந்தால் செடி பெரிதாகும் என்பதும் தப்பு. வேர்க்கட்டைவிட இரண்டு அங்குலம் அகலம் போதும்; மிச்ச மண் வெறும் ஈரத்தைத்தான் தேக்கும். அடித்தட்டில் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிடுங்கள். தில்லியில் மழைக்காலம் முடியும் தறுவாயில் டெங்கு பரவுகிறது. அந்தக் கொசு முட்டையிட ஒரு தட்டு நல்ல நீர் போதும்.

தில்லிக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை மாதம் ஒருமுறை. குளிர் கடுமையாக இருந்தால் அதுவும் வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் பதினைந்து, இருபது நாளுக்கு ஒருமுறை; மண் மாற்றவும், பக்கக் கன்றைப் பிரித்து நடவும் இதுவே ஏற்ற காலம். ஏப்ரல் முதல் ஜூன்வரை ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை. ஜூலை முதல் செப்டம்பர்வரை குச்சி சொன்னால் மட்டும். அக்டோபரில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. எப்போதும் காலையில், இலையில் படாமல், மண்ணில் மட்டும் ஊற்ற வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முதல் வாரம்வரை செடி வீட்டுக்குள் இருக்கட்டும். ஆனால் ரூம் ஹீட்டருக்கு நேரே வேண்டாம். மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள், கிளம்பும் நாளில் ஒருமுறை நன்றாக ஊற்றி, வடியவிட்டு, வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘தினம் கொஞ்சம் ஊற்றுங்கள்’ என்று ஒப்படைத்துவிட்டுப் போவதைவிட அது பாதுகாப்பானது.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

தில்லியில் பலர் இந்தச் செடியை வாங்குவதற்கே காரணம், நவம்பர் மாதத்துப் புகைமூட்டம். இதற்குப் பின்னணி உண்டு. அமெரிக்காவின் ‘நாசா’ 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் வைத்த செடிகள் சில நச்சு வாயுக்களைக் குறைத்ததாகக் கண்டார்கள். அதில் பாம்புச் செடியும் ஒன்று. நம் தலைநகரின் நேரு பிளேஸில் கமல் மீட்டல் என்பவர் தம் கட்டடத்தில் இத்தகைய செடிகளை நிறைத்து, 2009-ல் அதைப் பற்றி உரையாற்றினார். அவர் சொன்ன கணக்கைக் கவனியுங்கள்: ஆளுக்கு இடுப்புயரப் பாம்புச் செடி ஆறு முதல் எட்டு, சுமார் 300 பேருக்கு 1,200-க்கும் மேற்பட்ட செடிகள். 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய சோதனைகளையெல்லாம் ஒன்றுகூட்டிக் கணக்கிட்டபோது, சாதாரணமாகக் காற்று வந்து போகும் ஒரு கட்டடத்தில் ஜன்னல் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. அந்தச் சோதனைகள் அளந்தது வாயுவை. தில்லியில் நம் நெஞ்சை அடைப்பதில் பெரும்பங்கு நுண்தூசி.

ஆகவே, ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் ‘செடிதான் இருக்கிறதே’ என்று முகமூடியையும் மருந்தையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு தொட்டி இருப்பதால் காற்று மாறிவிடாது. அந்தத் தூசி செடியின் மேலேயே படிந்து அதன் வெளிச்சத்தை மறைக்கிறது. தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது ஈரத்துணியால் இந்த இலைகளையும் இரு பக்கம் துடைத்து, உலரவிடுங்கள். அதுவே சிலந்திப் பேனுக்கும் தடுப்பு.

இன்னொரு எச்சரிக்கை. இதன் சாற்றில் சோப்பைப் போல் நுரைக்கும் ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. தவழும் குழந்தையோ, வளர்க்கும் நாயோ பூனையோ இலையைக் கடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள நல்ல இடம்

பயிர் நோய் ஆராய்ச்சிக்கு இந்தியாவிலேயே பெயர்பெற்ற நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. 1905-ல் பீகாரில் பூசா என்ற இடத்தில் தொடங்கப்பட்ட விவசாய ஆராய்ச்சி நிலையம், 1934-ஆம் வருடத்துப் பூகம்பத்தில் இடிந்ததால் 1936-ல் தில்லிக்கு மாற்றப்பட்டது. ஊர் மாறினாலும் பெயர் கூடவே வந்துவிட்டது. இன்றும் கரோல் பாக் பஸ்களில் ‘பூசா’ என்றால் எல்லோருக்கும் தெரியும். நம் எம்.எஸ். சுவாமிநாதன் இயக்குநராக இருந்த நிலையம் அது. அங்கே ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடக்கும் விவசாயக் கண்காட்சிக்குப் போகிறவர்கள், சந்தேகமுள்ள இலையைக் காகித உறையில் வைத்து எடுத்துச் சென்று விவரம் கேட்கலாம். சாலையோர நர்சரி மாலியும் அனுபவசாலிதான். ஆனால் அவரிடம், ‘என்ன மருந்து?’ என்று கேட்பதற்கு முன், ‘மண்ணை மாற்றலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். வேறு பதில் வரும்.

செடி முழுவதும் போய்விட்டது என்று தோன்றினாலும், கெட்டியான ஓர் இலை மிச்சமிருந்தால் நம்பிக்கை உண்டு. அதை மூன்று, நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் காயவைத்து, தலைகீழாகாமல் முன்பு கீழே இருந்த பக்கமே கீழே வரும்படி ஈர மணலில் ஊன்றினால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் விடும். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் இது சுலபமாகக் கைகூடும். மஞ்சள் கரை போட்ட வகையை மட்டும் இப்படிச் செய்தால் கரை இல்லாத பச்சைச் செடிதான் வரும். கரை வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும்.

கடைசியாக ஒன்று. புள்ளி விழுந்த இலை திரும்பப் பழைய அழகைப் பெறாது, வடு வடுதான். அதைப் பார்த்துச் சிகிச்சை பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். நடுவிலிருந்து கிளம்பும் புதுக் குருத்தைப் பாருங்கள். அது சுருள் பிரிந்து, சுத்தமாக, புள்ளியில்லாமல் ஒரு சாண் உயர்ந்துவிட்டால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதன்பின் வடுப்பட்ட பழைய இலையை எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். அதிலும் சேமித்த தண்ணீர் இருக்கிறது. அடுத்த மே மாதம் நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது அது செடிக்கு உதவும்.